நண்டுக் காருக்கு ஒரு எஞ்சின்

2024 ஜூன் 4

இன்றைக்கும் பாலாவிச் சந்திக்கு முன்னால் ஏசியை அணைக்க வேண்டி வந்தது. காத்துக் காலம். எதிர்க்காற்று காரை முகத்தில் கைவைத்துத் தள்ளுகிறது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஏற்றிய நண்டுக் கூடைகள், மேலே நனைத்த சாக்கு, ஏசி முழுசாக – இவ்வளவையும் சேர்த்து இழுக்க என் ஸ்டார்லட்டுக்கு மூச்சில்லை. இரண்டாம் கியரில் தொய்வுக்காரன் மாதிரி இழுக்கிறது. ஏசியை அணைத்தால் கார் ஓடும், நண்டு சாகும். போட்டால் நண்டு இருக்கும், கார் நிற்கும்.

சிலாபத்தில் நண்டு வாங்கும் கொம்பனியின் மனேஜர் கெவின் கூடைகளைக் கிளறிச் செத்ததை ஒரு பக்கமாகப் போட்டான். செத்த நண்டுக்கு விலையில்லை, அது பழைய கதை. புதுக் கதை வேறு.

"மிஸ், செப்டெம்பர்ல இருந்து கூலர் லொறியில வாற நண்டை மட்டும் எடுக்கச் சொல்லி மேலிடத்தில சொல்றாங்க. நீங்களும் ஒண்டு பாருங்க."

பஸ்ஸில் மடியில் கூடையை வைத்துக்கொண்டு போன நாளிலிருந்து அந்தக் கொம்பனிக்கு நண்டு கொடுக்கிறேன். உப்புநீர்க் களப்போரத்தில் எந்த வீட்டு வளவில் எவன் கூட்டில் நல்ல நண்டு கிடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் சதை இருக்கிறதா என்று வயிற்றை அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பேன். இப்போது லொறி இல்லை என்று என்னை வெளியே போடுவதா?

போடட்டும் பார்ப்போம்.

ஜூன் 9

மதுரங்குளியில் தோமஸின் கராஜுக்குப் போனேன். இந்தக் காரைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவன். புது வாகனம் இறங்காத நாட்டில் இருக்கிறதைத்தான் எல்லாரும் நோண்டுகிறோம், அவன் கராஜில் நிற்க இடமில்லை.

இருக்கிற எஞ்சினையே கழற்றி, சிலிண்டரைக் குடைந்து போர் பண்ணி, பெரிய பிஸ்டனும் வேறு கேம்ஷாஃப்ட்டும் போடலாமாம். ஆனால் அந்தக் கேம் மேல்வேகத்தில்தான் வேலை செய்யும், மெதுவாகப் போகும்போது ஏசி போட்டால் எஞ்சின் இருமும். சரிவராது என்று அவனே தள்ளிவிட்டான். அடுத்தது, ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பும் காரின் முன்பக்கம் – ஹாஃப் கட் என்கிறார்கள் – அதிலுள்ள டர்போ எஞ்சின். இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி.

"வேற ஒண்டும் இல்லையா?"

"ஆயிரத்தைந்நூறு சீசீ சாதா எஞ்சின் ஒண்டும் இருக்கு அக்கா. இதே மவுண்ட்டில உக்காரும். ஆனா அது மாமாமார் போடுற சாமான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 18

நேற்று பெருநாள் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்காரரின் தங்கச்சியும் அவளுடைய மாப்பிள்ளை நஸீமும் வந்தார்கள். நஸீமும் நண்டு வியாபாரம்தான், அதே கொம்பனிக்கு. போன மாதம் கூலர் லொறி எடுத்துவிட்டான். சோற்றுச் சஹன் முன்னால் உட்கார்ந்து முதல் பிடி வாய்க்குப் போகும் முன்னே என்னிடம் தொடங்கினான்.

"மச்சி, நண்டுக்கு ஏசி போட்டுக் கூட்டிட்டுப் போறீங்களாம். எங்கட மச்சானுக்கு வீட்டில ஃபேனும் ஒழுங்கா சுத்துதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஜவாஹிர் என்று பெயர் வைத்ததற்குப் பதிலாக ஜால்ரா என்று வைத்திருக்கலாம்.

"அந்தக் குட்டிக் காரை வித்துட்டு வீட்டில இருங்க மச்சி. உங்கட நண்டையும் நானே ஏத்துறன்."

வந்துவிட்டது உள்ளிருந்த கதை. என் ஆட்கள் வேண்டும் அவனுக்கு.

நான் சொன்னேன்: "உங்கட லொறி முந்தல் தாண்ட முன்ன நான் சிலாபத்தில இறக்கிப் போட்டு பிளேன் டீயும் குடிச்சிருப்பன்."

குசினிக்குப் போய் அங்கிருந்தே தோமஸுக்கு ஃபோன் எடுத்தேன். "டர்போவைக் கொண்டு வா."

ஜூலை 9

இன்று எடுத்து ஓட்டினேன். அல்லாஹ்வே. பாலாவி தாண்டி நேர்ப்பாதையில் மிதித்தபோது முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. கொழும்பு பஸ் ஒன்றை வெட்டி முந்தினேன். கொண்டக்டர் தலையை வெளியே போட்டு, ஓட்டுவது யாரென்று பார்த்து வாயைத் திறந்தபடி நின்றான்.

ஜூலை 13

பறக்குது. நஸீமின் லொறியை நேற்றும் முந்தினேன். இன்றும்.

ஜூலை 23

கூடை கூடையாகச் செத்துவிட்டன.

முந்தலுக்குப் பக்கத்தில் மதகு உடைத்துக் கட்டுகிறார்கள். ஒரு பக்கம் மறித்து, ஒரு பக்கம் விடுகிறார்கள். வரிசையில் நின்றேன். டர்போவுக்கென்று தோமஸ் முன்னால் ஒரு ரேடியேட்டர் வைத்திருக்கிறான், ஏசியின் ரேடியேட்டர் அதற்குப் பின்னால். ஓடும்போது ரெண்டுக்கும் காற்றுக் கிடைக்கும். நின்றால் முன்னாலே இருப்பது பின்னால் இருப்பதைச் சுடும். ஏசியிலிருந்து வெந்நீர் ஆவி மாதிரிச் சூடு வந்தது. கதவுகளைத் திறந்தேன், சாக்கில் தண்ணீர் ஊற்றினேன், குடிக்க வைத்திருந்த போத்தலையும் ஊற்றினேன். கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் காலைத் தொங்கப் போட்டன.

கொம்பனி வாசலில் நஸீம் லொறியில் சாய்ந்துகொண்டு நின்றான். "அவிச்சே கொண்டு வந்துட்டீங்க மச்சி. தேசிக்காய்ப் புளி பிழியிறதுதான் குறை."

கெவின் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். "மிஸ், இன்னொருக்கா இப்பிடி நடந்தா செப்டெம்பர் வரைக்கும் பார்க்கேலா. அண்டைக்கே நிப்பாட்டச் சொல்லிடுவாங்க."

ஜூலை 24

யாருக்குப் போட்டன் அந்த டர்போவை? நண்டுக்கா? இல்ல. நஸீமுட வாய்க்குப் போட்டன். பெருநாள் சோத்துக்கு முன்னால ரோஷம் வந்து குசினிக்குள்ள ஓடிப்போய்ப் போட்டன். முப்பது வருஷ வியாபாரி செய்யுற வேலையா இது? ஓடு பெரிசா, நிறம் பளபளப்பா இருக்கிற நண்டைத் தூக்கிப் பார்த்தா உள்ளுக்குள்ள வெறும் தண்ணி – எத்தின பேரிட கையில அப்பிடி நண்டைத் திருப்பிக் குடுத்திருப்பன்? எஞ்சின் வாங்கக்குள்ள மட்டும் அமுக்கிப் பார்க்காம வாங்கிட்டு வந்தனே.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "லொறிக்கே போவம் மபா. லீசிங்குக்கு நான் கையெழுத்து வைக்கிறன்."

நல்ல மனுஷன். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பாரே தவிர நல்ல மனுஷன்.

"உங்கட கையெழுத்து பத்திரமா இருக்கட்டும்" என்றேன்.

ஜூலை 26

இன்று நண்டு எடுக்கவில்லை. வெறும் காரோடு களப்போரத்திலிருந்து சிலாபம்வரை போய் வந்தேன், என் கால் எங்கே மிதிக்கிறது என்று பார்க்க. வளவுகளுக்குள் குறுகின மணல் ஒழுங்கை, ஊர்ந்துதான் போகலாம். மெயின் ரோட்டில் மாடு, கழுதை, பள்ளிக்கூடம் விடும் நேரம், மதகு வேலை. டர்போ மூச்செடுக்கும் வேகத்துக்கு நான் போவது பாலாவிக்கு அப்பால் கொஞ்சத் தூரம் மட்டும்தான். எனக்கு வேண்டியது பறக்கிற பலம் இல்லை. நின்ற இடத்திலும் ஊர்கிற இடத்திலும் ஏசியைச் சுமந்துகொண்டு இருமாமல் நிற்கிற பலம்.

அதுதான் மாமாமார் போடுகிற சாமான்.

ஜூலை 28

தோமஸ் கராஜின் நடுவில் நின்றுகொண்டு கெஞ்சினான். "இதைக் கழட்டுறது பாவம் அக்கா. என்ன சத்தம் வருது, கேட்டீங்களா?"

"சத்தத்தைக் கொம்பனியில நிறுத்து எடுக்கிறாங்களா தோமஸ்?"

"ஊர்ல என்ன சொல்லுவாங்க? டர்போவைக் கழட்டிச் சாதா போட்டவன் எண்டு என்னை–"

"மபாஸா சொன்னா, நான் செய்தன் எண்டு சொல்லு. ஊர் என்னட்ட வந்து கேக்கட்டும்."

ஆயிரத்தைந்நூறு எஞ்சின். கேமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மிச்சக் காசை ஏசிக்குச் செலவழிக்கச் சொன்னேன்: வேனுக்குப் போடும் பெரிய கண்டென்சர், அதற்கு மட்டும் ரெண்டு கரண்ட் ஃபேன். அதற்கு முன்னால் ஒரு சாமானும் வைக்கக் கூடாது. டர்போவை வண்ணாத்திவில்லு ஆள் ஒருவனுக்கு விற்றாகிவிட்டது. கழுவித் துடைத்துக் கொடுத்தான் தோமஸ், அடக்கத்துக்கு முன் மய்யித்தைக் குளிப்பாட்டுவது போல.

ஓகஸ்ட் 14

எஞ்சின் நம்பர் மாற்ற மோட்டார் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்தவர் காரின் புத்தகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் ஆம்பிளை யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"எஞ்சினை மாத்தச் சொன்னது யார்?"

"நான்."

"ஓட்டுறது?"

"அதுவும் நான்தான்."

முத்திரை குத்தினார்.

ஓகஸ்ட் 20

காற்று அடிக்கிற அடியில் வெள்ளைக்காரர் கடலில் பலகை ஓட்டப் பிடிக்கும் பட்டங்களே தறிகெட்டு ஓடின. ஏசி முழுசு, கூடை முழுசு. கார் போனது. அவ்வளவுதான் எழுதலாம் – போனது. மதகில் மறித்தார்கள். கையைப் பின்னால் நீட்டிச் சாக்குக்குள் விட்டுப் பார்த்தேன். குளிர். ஒன்று விரலைக் கவ்வப் பார்த்தது. இன்னும் கொஞ்ச நேரம் மறியுங்கடா என்று நினைத்தேன்.

நஸீம் எனக்கு முன்னாலேயே சிலாபம் போய்விட்டான். போகட்டும்.

செப்டெம்பர் 2

கெவின் என் கூடைகளைத் தரையில் கொட்டினான். செத்தது ஒன்றுமில்லை. மறுபடியும் கிளறினான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ஆனா மிஸ், சட்டம் சட்டம்தானே. கூலர் லொறி" என்றான்.

"ஓம். அந்தா இறக்கி வெச்சிருக்கிற நஸீமிட கூடையையும் இதுக்குப் பக்கத்தில கொட்டுங்க."

"அதெல்லாம் தேவையில்ல மிஸ்."

"கொம்பனி வாங்கிறது லொறியையா நண்டையா? கொட்டுங்க. கொட்டுமட்டும் காரை எடுக்க மாட்டன்."

வாசலுக்குக் குறுக்கே கார். பின்னால் ரெண்டு வாகனம் ஹோர்ன் அடித்தது. கதிரை ஒன்று கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். கொட்டினார்கள். நஸீமின் நண்டிலும் சாவு இல்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆனால் கெவின் ரெண்டு பக்கத்திலும் ஒவ்வொன்றாக எடுத்து வயிற்றை அமுக்கினான். நஸீமின் பக்கத்தில் சதையில்லாத தண்ணி நண்டு கிடந்தது. லொறிக்குக் கொண்டுவந்து கொடுப்பதை அவன் அப்படியே ஏற்றுகிறான். நானோ வளவுக்கு வளவு போகிறேன்.

கெவின் உள்ளே போய் ஃபோனில் கதைத்தான். வந்து, "வருஷ முடிவு வரைக்கும் நீங்க காரிலயே கொண்டு வாங்க மிஸ்" என்றான்.

"வருஷ முடிவிலயும் இதே காரிலதான் வருவன். மேலிடத்துக்கு இப்பவே சொல்லிடுங்க."

நவம்பர் 11

ஒரு கிழமையாக மழை. களப்போரத்து ஒழுங்கையெல்லாம் சேறு. ஸ்டார்லட் இரண்டாம் கியரில் ஊர்ந்து போய் வருகிறது, ஆள் இறங்கித் தள்ள வேண்டியதில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு நஸீம் ஃபோன் எடுத்தான். முதலில் சுகம் விசாரித்தான். இவரின் முழங்காலை விசாரித்தான். மழையை ஏசினான். மெயின் ரோட்டுக்கு ஒருத்தரும் நண்டு கொண்டு வருகிறார்களில்லையாம், லொறி மூன்று நாளாகச் சும்மா நிற்கிறதாம்.

"அலியார்ட வளவில எனக்கு ரெண்டு கூடை நண்டு கட்டி வெச்சிருக்கு மச்சி. நீங்க அந்தப் பக்கம் போறதானே... ரோட்டு வரைக்கும் கொண்டு வந்து தந்தா போதும்."

"ரோட்டுக்கு ஏன்? சிலாபத்துக்கே கொண்டு போறன்."

"நல்லது மச்சி."

"அமுக்கிப் பார்த்துத்தான் ஏத்துவன். தண்ணி நண்டை அங்கேயே விட்டுட்டு வருவன். கொம்பனியில என்ட பேரில இறங்கும். உங்கட பங்கை நான் தருவன்."

 

"ஓம் மச்சி" என்றான்.

நாளைக் காலையில் முதலில் அலியாரின் வளவு. சாக்கு நனைத்து வைத்தாயிற்று.