அக்கா சொன்னதாக நான் சொன்னவை

கடலோரத்துச் சிறு கோயிலின் பின்னால் கண்ணுறங்கும் என் மச்சான் யோகனுக்கு,

வருகிற சனிக்கிழமை, நீ கண்மூடிய முப்பத்தோராம் நாள், உனக்கு முப்பத்தொன்று. நீ கிறிஸ்தவனாக மாறி வேதக்காரனாகப் போனவன், உனக்கு முப்பத்தொன்று கிடையாது என்று நாலு பேர் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இங்கே ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் மண்டபம் எடுத்திருக்கிறேன். முந்நூறு பேர் வருவார்கள். உன் அக்கா எழுபது கதிரைதான் சொல்லியிருக்கிறாள்.

நினைவு மலருக்குக் கடிதம் எழுத என்னைவிட்டால் ஆளில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது உண்மை. ஆனாலும் என் எழுத்தைப் பார்த்தால் வாத்திமார் எழும்பி நிற்பார்கள். அச்சுக்குப் போக முன்னம் உன் அக்கா பவானி வாசிக்க வேண்டும் என்று கட்டளை. பக்கத்தில் சிவப்புப் பேனையோடு இருக்கிறாள். இதுவரை மூன்று இடத்தில் கோடு போட்டுவிட்டாள்.

வாசிக்கிற சனத்துக்கு முதலில் நாங்கள் யார் என்று சொல்ல வேண்டுமல்லவா? நோர்வேயின் வடக்கு நுனியில் இருக்கிற பாட்ஸ்பியோர்ட்டில், உலகம் முடிகிற இடத்தில், ஒரே மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று மீன் வெட்டினவர்கள் நாங்கள். என் கத்தியின் வேகத்தைப் பார்க்கவென்று படகுக்காரர்கள் வலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். நீ மெதுவாகத்தான் வெட்டுவாய். ஆனால் நீ வெட்டிய துண்டில் ஒரு முள் இராது. அந்த மேசையில் வைத்துத்தான் ஒரு நாள் கையைத் துடைத்துக்கொண்டு அக்காவின் படத்தை எடுத்துக் காட்டினாய். “மச்சான், இவவைக் கட்டுறியோ?” என்றாய். அதுவரைக்கும் நான் உனக்கு மச்சானும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிறகுதான் அந்தச் சுவாமியார் வந்தார். மாதத்தில் ஒரு தடவை பனித்தெருவால் வந்து எங்களோடு நின்ற கத்தோலிக்கப் பொடியளுக்குப் பூசை வைப்பவர். அவருக்கு வழி காட்டவென்று காரில் கூடப் போனவன் நீ. நாலைந்து பயணத்துக்குப் பிறகு அவர் உனக்கு வழி காட்டிவிட்டார். பவானியின் விமானம் வந்து இறங்கிய அன்று நீ வேறு நாட்டில், துறவிகளின் மடத்தில். நான் மட்டும் பூங்கொத்தோடு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்து, “அவன் எங்கை?” என்றாள்.

நான் சொன்னேன். அதற்குப் பிறகு முப்பது வருசத்துக்கு மேல் உன் பெயரை அவள் எடுக்கவில்லை. நீ வேதத்துக்குப் போனதற்காக அல்ல. தான் இருக்கிறேன் என்று சொல்லி அழைத்துவிட்டு, வந்து இறங்கும்போது இல்லாமல் போனதற்காக.

நீ எழுதிய கடிதங்களை அவள் பிரிக்கவில்லை. அதனால்தான், நாங்கள் ஒஸ்லோவுக்கு இடம் மாறி வந்த பிறகு, நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹவுகெட்டோ ஸ்டேசனுக்குப் போகத் தொடங்கினேன். வீட்டில் ரெயிலுக்குப் போகிறேன் என்று சொல்வேன். பிளாட்ஃபோமின் கடைசி வாங்குப் பலகையில் இருந்துகொண்டு உனக்குத் தொலைபேசி அடிப்பேன். எனக்குப் பின்னேரம், உனக்கு மத்தியானம். பூசை முடிந்து, சமையலும் முடித்து, நீ கை கழுவுகிற சத்தம் முதலில் கேட்கும்.

மடம் உன்னை அனுப்பிய கரீபியன் தீவு டொமினிக்கா. டொமினிக்கன் குடியரசு வேறு, டொமினிக்கா வேறு. இந்த வித்தியாசம் தெரிந்த தமிழன் ஒஸ்லோவில் நான் ஒருவன்தான். (கோடு.) உன் நாள் முழுவதும் எனக்குப் பாடம். விடியும்போது கயிற்றை இழுத்து மணி அடிப்பாய். மலையில் இருந்து பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு ஒரு பக்கம் இறங்குவார்கள், முகில் மற்றப் பக்கம் இறங்கும். பன்னிரண்டு மணிக்குத் திரிகாலச் செப மணி. அப்போது சந்தைக்குப் போகிற பெண்கள் வாழைக்குலையைத் தலையில் வைத்தபடியே அசையாமல் நிற்பார்கள் என்பாய். பிறகு மழை. உன் தகரக் கூரையில் விழுகிற மழையை எனக்குக் கேட்கவென்று தொலைபேசியை மேலே தூக்கிப் பிடிப்பாய்.

இங்கே எனக்குப் பனி கொட்டிக்கொண்டிருக்கும். காதுக்குள் உன் மழை, மடியில் என் பனி. கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாகி, நான் எந்தக் கரையில் இருக்கிறேன் என்று தெரியாமல் போகும். ஸ்கீ என்கிற ஊருக்குப் போகிற ரெயில் வந்து கதவைத் திறக்கும். உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் வாழைக்குலையோடு அசையாமல் நிற்பது போலத் தோன்றும். கதவு மூடும். என்னை ஏற்றாமல் அது கடலுக்குள் இறங்கிப் போகும்.

இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? ஊருக்குச் சொன்னேன். சொல்லும்போது உன் நாலு ஆடும் குதிரைகளாகிவிட்டன. தகரக் கோயில் பளிங்கானது. தண்ணீர்த் தொட்டி கழுவி, கிழவர்களுக்குச் சாப்பாடு ஊட்டுகிற சாதாரண பிரதர் நீ. உன்னை பிஷப்புக்கு அடுத்த ஆளாக்கினேன். நானே ஒருமுறை வந்து மூன்று கிழமை தங்கியதாகவும் சொன்னேன். அத்தாட்சிக்கு ஒரு போத்தல் கரீபியன் கடல் தண்ணீர் வீட்டில் இருக்கிறது. அது இங்கே ஒஸ்லோவில், லியான் கரையில் அள்ளியது.

ஆனால் நான் உனக்கும் பொய் சொன்னேன், மச்சான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் ஞாயிறே நீ கேட்டாய்: “அக்கா ஏதும் சொன்னவவோ?” இல்லை என்று சொல்ல என் வாய் வரவில்லை. “தம்பியைச் சாப்பாட்டிலை கவனமாய் இருக்கச் சொன்னவ” என்றேன். நீ கை கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு சிரித்தாய். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. அடுத்த ஞாயிறும் ஒன்று கொடுத்தேன். அப்படியே இருபத்தைந்து வருசம், அக்கா ஒரு சொல்லும் சொல்லாமல், அக்கா சொன்னதாகவே போனது. மழைக்குள் நனைய வேண்டாமாம். பிறந்தநாளுக்குக் கோயிலில் அருச்சனை செய்தவவாம். புயல் அடித்த வருசம் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

நீ போன செய்தியை மிஷனில் இருந்து ஒரு சிஸ்டர் எடுத்துச் சொன்னா. எங்கள் மகள் துளசிதான் தொலைபேசியில் கதைத்தாள். பவானி கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றாள். முழுவதையும் வெட்டி முடித்துவிட்டு, “அங்கை இப்ப என்ன நேரம்?” என்று கேட்டாள். “காலமை பத்து” என்றேன். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் கோட்டைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“இஞ்சருங்கோ, வெளிக்கிடுங்கோ.”

“எங்கையப்பா?”

“உங்கடை பிளாட்ஃபோமுக்கு.”

“உமக்குத் தெரியுமோ?”

“ரெயிலுக்கெண்டு போய், ஒரு ரெயிலிலையும் ஏறாமல் திரும்பி வாற மனுசன் வேறை என்ன செய்யும்? நான் என்ன லூசோ?”

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் கேட்கேல்லை?”

“கேட்டிருந்தால் நிப்பாட்டியிருப்பியள்.”

கடைசி வாங்கில் இருவரும் இருந்தோம். பிர்ச் மரத்து மஞ்சள் இலைகள் தண்டவாளத்தில் விழுந்துகொண்டிருந்தன. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் இருக்கிறவள் போல நிமிர்ந்து இருந்தாள்.

“அவன்ரை ஒரு நாளைச் சொல்லுங்கோ. விடிஞ்சதிலை இருந்து படுக்கிறவரைக்கும். உந்தக் குதிரையள் ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

“ஆடு வளர்த்தவன்.”

“எத்தினை?”

“நாப்பது.” அவள் என்னைப் பார்த்தாள். “நாலு” என்றேன்.

“ம். கோயில்?”

“தகரம்.”

“ஆர் சமைக்கிறது?”

“அவன்தான்.”

“அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாதே.”

“அங்கை ஈரப்பலாக்காய்தான் சோறு. அவிச்சுத் தேங்காய்ப்பால் விடுவினம். வெள்ளிக்கிழமையிலை எங்கடை நோர்வே மீன், உப்புப் போட்டுக் காய வைச்சது. பெட்டியிலை நோர்வே எண்டு எழுதியிருக்குமாம். ‘மச்சான், உன்ரை மீன் வந்திருக்கு’ எண்டு சொல்லிச் சிரிப்பான். ஊற வைச்சு, பிச்சு, ஒரு முள் இல்லாமல் பார்த்துத்தான் கிழடுகளுக்கு ஊட்டுவான்.”

“அது உண்மையோ?”

“அது உண்மை.”

அவள் கேட்கக் கேட்க நான் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனேன். பளிங்கு போனது. பிஷப் போனார். நான் வந்து தங்கிய மூன்று கிழமையும் போனது. உன் நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. அது சின்னதாக ஆக, உள்ளே நீ வரவர நன்றாகத் தெரிந்தாய். ஒரு வாளி, ஒரு கயிறு, நாலு ஆடு, முள் இல்லாத மீன். வாங்கில் எங்கள் இருவருக்கும் நடுவில் நீ வந்து இருந்தது போல இருந்தது. கொஞ்சம் தள்ளிக்கூட இருந்தேன்.

பிறகு அவள் தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டாள்: “என்னைப் பற்றி ஒருநாளாவது கேட்டவனோ?”

“ஒவ்வொரு ஞாயிறும்.”

“இதிலை எவ்வளவைக் கழிக்கிறது?”

“இதிலை ஒண்டும் கழிக்கேலாது, பவானி.”

கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். “நீங்கள் என்ன சொன்னியள்?”

எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாடு, மழை, அருச்சனை. கோபிப்பாள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் வேறு எதிலோ நின்றுவிட்டாள்.

“தம்பி எண்டோ சொன்னியள்?”

“ஓம். வேறை என்னெண்டு சொல்லுறது?”

“நான் அவனை ஒருநாளும் தம்பி எண்டு கூப்பிட்டதில்லை.”

“அப்ப?”

“வால். நான் போற இடமெல்லாம் பின்னாலை வருவான். அதாலை வால். வால் சாப்பிட்டுதோ, வால் குளிச்சுதோ எண்டுதான் கேட்பன். வேறை ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிடுறேல்லை.” பிறகு சொன்னாள்: “நோர்வேக்கு மட்டுந்தான் நான் அவனுக்குப் பின்னாலை வந்தனான்.”

ஒரு ரெயில் வந்து போனது. அது போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஒவ்வொரு ஞாயிறும் நீ கேட்பாயே, “எப்பிடிச் சொன்னவ மச்சான்? அந்தச் சொல்லை அப்பிடியே சொல்லு” என்று. லைன் சரியில்லை என்று நினைத்து, பிளாட்ஃபோம் முழுக்கக் கேட்க “தம்பி, தம்பி” என்று கத்துவேனே. முதல் ஞாயிறே உனக்குத் தெரிந்துவிட்டதல்லவா? ஒஸ்லோவில் என்னை ஏமாற்ற ஒருவன் பிறக்கவில்லை என்று திரிந்த என்னை, நீ ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டே இருபத்தைந்து வருசம் ஏமாற்றியிருக்கிறாய்.

தெரிந்துகொண்டும் ஏன் அடுத்த ஞாயிறு திரும்பவும் கேட்டாய்? என்றோ ஒருநாள் அந்தச் சொல் வந்துவிடும், வந்தால் அது நான் கட்டியதாக இருக்காது என்று பார்த்துக்கொண்டிருந்தாயா? அல்லது பொய்யென்றாலும் அக்கா என்று ஒரு சத்தம் காதில் விழட்டும் என்று இருந்தாயா? நிறுத்தினால் நான் அடிக்கமாட்டேன் என்று பயந்தாயா? கேட்க ஆளில்லை இப்போது. வழக்கம் போல் நானே ஒரு பதிலைக் கட்டிவிடலாம். ஆனால் இதற்கு என் கை போகவில்லை.

பவானிக்கு உன்மேல் இருந்த கோபம் போய்விட்டதா? அதுவும் எனக்குத் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, நீ அனுப்பிய கடிதங்களை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினாள். எறிந்திருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிரிக்காமல் அடுக்கி, றிப்பன் கட்டி வைத்திருந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு ஒன்று என்று இப்போது வாசிக்கிறாள். வாசிக்கும்போது என்னைப் பக்கத்தில் விடுவதில்லை.

போன கிழமை சொன்னாள், உன்னிடம் போக வேண்டுமாம். புயல் காலம் முடிந்து, தை மாதம் போகிறோம். துளசி பயணச்சீட்டு எடுத்துவிட்டாள். “அப்பா, நீங்கள் முதலே போன இடம்தானே, வழி தெரியும்தானே?” என்றாள். நான் இருமினேன். பவானி சிரித்தாள், மச்சான். உன் கதை வந்த இடத்தில் அவள் சிரித்ததை இத்தனை வருசத்தில் அன்றுதான் பார்த்தேன்.

இந்தக் கடிதம் எழுதத் தொடங்கும்போது அவளிடம் சொன்னேன்: “அவனுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லும், நான் மலரிலை அழகா எழுதிவிடுறன்.”

“வேண்டாம்” என்றாள். “என்ரை வாயாலை நீங்கள் கதைச்சது காணும். நானே போய்ச் சொல்லுறன்.”

ஆகையால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கோயிலுக்குப் பின்னால் போகிற பாதை செங்குத்து என்று சிஸ்டர் எழுதியிருக்கிறா. உன் அக்காவின் முழங்கால் இப்போது முன்னம் போல இல்லை. கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டி வருவேன். நீ இருக்கிற இடத்தில் அவளை விட்டுவிட்டுத் திரும்பி நடப்பேன். கடல் சத்தம் அவள் குரலை மூடுகிற தூரம் வரைக்கும் நடப்பேன். காது கொடுக்கமாட்டேன், திரும்பிப் பார்க்கமாட்டேன். நான் ஒஸ்லோ வந்து இறங்கியதும் சனம் சுற்றி நின்று கேட்கும், பவானி அங்கே தம்பியிடம் என்ன கதைத்தவ என்று. எனக்குத் தெரியாது என்று சொல்வேன். என் வாயால் ‘தெரியாது’ என்கிற சொல்லை இந்த நகரத்தில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

உன் அக்காவின் புருசன்,
உன் மச்சான்
சிவம்