சூசையப்பரிடம் நான் கேட்டது

மொன்ட்ரியால்-நோர்
14.10.2006

அன்பு மகன் றொசானுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அப்பாவும் தங்கச்சி ஜென்சியும் சுகம். நீ சுகமோ என்று கேட்கத்தான் கை வரவில்லை.

தொண்டையில் கட்டி, குரல் போய்விட்டது, ஒப்பரேசன் வரையும் வாயே திறக்கக்கூடாது என்று நீ கல்கரியில் இருந்து போட்ட ஈமெயிலை ஜென்சி வாசித்துக் காட்டினாள். பழையபடி பாடுவாயோ என்று டாக்குத்தருக்கும் தெரியாதாம். பதினொரு வருசம் மதுக்கடையிலும் மாடு அடக்குகிற ரோடியோ விழாவிலும் பாடி, டிரம்ஸ் அடித்துப் பாடச் சொன்னவர்களுக்கெல்லாம் மாட்டேன், பழைய கன்ட்றிப் பாட்டு பிடிலோடுதான் என்று நின்று, இப்போதுதானே ஒரு கம்பனி உன் விருப்பப்படியே சீடி போட ஓமென்றது. அதுவும் நின்றுபோச்சாமே.

மகன், ஒன்று சொல்லவேண்டும், கோபிக்காதே. பாஸ்குத் திருநாளுக்கு முந்தி நான் இங்கே மலைக்கோயில் சூசையப்பருக்கு நேர்த்தி வைத்தேன். என் பிள்ளை இந்த மாட்டுக்காரப் பாட்டை விட்டால் தொண்ணூற்றொன்பது படியும் முழந்தாளில் ஏறுவேன் என்றேன். நீ கலியாணம் கட்டி எங்களோடு இருக்கவேண்டும் என்ற ஆசைதான். எந்த விதமாய் விடவேண்டும் என்று நான் சொல்லவில்லையே ராசா. அப்பாவோ, சூசையப்பருக்கு உன்ர சொல் கேக்கிறதுதான் வேலையோ, எழும்பித் தேத்தண்ணி போடு என்கிறார். சிரிக்கவும் முடியவில்லை. எங்கள் பங்கு மரியதாசன் சுவாமியிடம் நேர்த்தியைத் திருப்பி எடுக்கலாமோ என்று கேட்டேன், கடவுள் அப்படிக் குரல் பறிக்கிறவர் இல்லை, நேர்த்தி வைச்சதை மகனிட்டச் சொல்லுங்கோ என்றார். நேற்றுக் கோயிலுக்குப் போய் முதல் படியில் முழந்தாள் வைத்தேன். ஏறினால் உன் தொண்டை போனதற்கு நன்றி சொன்னதாகும், ஏறாவிட்டால் சொன்ன சொல் தவறினதாகும். எழும்பி பஸ் எடுத்து வந்துவிட்டேன்.

உன் பாட்டை ஒருநாளும் நான் முழுதாய்க் கேட்டதில்லை. ஈமெயில் வந்த அன்று ஜென்சி குசினியில் போட்டாள். பாட்டு விளங்கவில்லை, நீ மூச்செடுக்கிற இடமெல்லாம் விளங்கியது. அடுப்பில் கறி அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் நின்று அழுதேன். எவ்வளவு நல்லாய்ப் பாடுகிறாய் பிள்ளை, இதை ஏன் நான் முந்திக் கேட்கவில்லை.

அங்கே வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வந்தும் நான் என்ன செய்யப்போகிறேன்? சுடுதண்ணி குடி, கழுத்தைச் சுற்றிக்கொள், தனிய இருக்கிறாய் என்று பாட்டை முணுமுணுத்துவிடாதே. மாதா உன்னைக் காப்பாற்றுவா, அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

ஞாயிறு பூசை முடிய போன் எடுப்பேன். நீ ஒன்றும் பேசவேண்டாம், தூக்கி வைத்திருந்தால் காணும், மற்றப் பக்கம் நீ இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். இதை வாசித்த பிறகு தூக்க மனம் வராவிட்டால், அதையும் விளங்கிக்கொள்வேன்.

உன் அம்மா
றோசலின்