ஆமைக்குக் கொடுத்த குரல்

பிப்ரவரி 3

எங்கள் வீட்டின் வரலாற்றில் இன்று ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. ஆமையின் நிறம் ஊதா. நீண்ட விவாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவன் நான் ஒருவன்தான். வெளிநடப்புச் செய்திருப்பேன், மடியில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

ஆமை கணினித் திரையில் வசிக்கிறது. 'பத்து அடி நட', 'வலப்பக்கம் திரும்பு' என்று எழுதிய வண்ணக் கட்டைகளைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் அதன்படி நடக்கும். கட்டெறும்புக்கு (மகள், வயது ஆறு, கடிப்பாள்) இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறது. ஆமையைச் சுவரில் மோதவிடுவதில் அவளுக்குத் தனி ஆனந்தம். வலிப்பது ஆமைக்கு, 'ஆ' என்று கத்துவது அவள்.

ஏழரைக்கு "போதும், மூடி வை" என்றேன். நான்காவது தடவைதான் காதில் விழுந்தது.

பிப்ரவரி 9

இன்றைய பாடம்: பெட்டி. கணினி எதையாவது நினைவில் வைக்க ஒரு பெட்டி வேண்டும். அதில் மூன்று என்ற எண்ணைப் போட்டோம். பிறகு ஐந்தைப் போட்டோம். திறந்து பார்த்தால் ஐந்து மட்டும்.

"மூணு எங்கப்பா?"

"ஒரு பெட்டியில ஒண்ணுதான் இருக்கும். புதுசு வந்தா பழசு போயிடும்."

"எங்க போகும்?"

"எங்கயும் போகாது. இருக்காது, அவ்வளவுதான்."

நம்பவில்லை. விசைப்பலகையைத் தூக்கி அடியில் பார்த்தாள். ஒரு பொரித்துணுக்கு கிடைத்தது, தின்றுவிட்டாள்.

பிப்ரவரி 17

என் தொண்டைக் கரகரப்பு சளியால் வந்தது இல்லையாம். குரல்வளையை எடுத்தாக வேண்டுமாம்.

"உயிருக்கு ஒண்ணும் ஆகாது சார். குரல் மட்டும்தான்" என்றார் மருத்துவர். நல்ல மனிதர். அந்த 'மட்டும்' அச்சுப்படியில் வந்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

பத்திரிகையில் மேலாளரிடம் விடுப்பு கேட்டேன். ஆறுதல் சொன்னார்: "பிழை திருத்துற வேலைக்குக் குரல் எதுக்குங்க? கண்ணு இருக்கே!"

பிப்ரவரி 18

கட்டெறும்பிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 20

சொல்லிவிட்டேன்.

"அப்பாவோட குரல டாக்டர் எடுத்துடுவாராம்டி."

"ஏன், அவருக்கு இல்லையா?"

மனைவி எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். கட்டெறும்பு கணினியைக் கைகாட்டினாள்.

"அவருக்குக் குடுக்காதப்பா. ஆமைக்குக் குடுத்துடு."

பிப்ரவரி 24

ஆமைக்குக் குரல் வந்துவிட்டது. பொத்தானை அழுத்திப் பேசினால் பேச்சு பதிவாகும். ஆமை சுவரில் மோதினால் அதைச் சொல்லும். 'அப்பா' என்று ஒரு பெட்டி செய்து நானே இணைத்தேன்.

"எதுக்குங்க இந்தச் சுத்து வழி? போன்ல பேசி வைங்களேன்" என்றாள் மனைவி. மறுத்தேன். போனில் பேசினால் அது பிரியாவிடை மாதிரி இருக்கும். இது விளையாட்டு, மகள் பயப்பட மாட்டாள். வீட்டு வீடியோக்களிலும் என் குரல் இல்லை. படம் பிடிக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது என் கொள்கை. எத்தனை உயர்ந்த கொள்கை!

நான் முன்மொழிந்தவை: 'சாப்பிட்டியா', 'பார்த்துப் போ'. அவை தள்ளுபடி. அவள் கேட்டவை: தும்மல், கொட்டாவி, வழுக்கி விழுந்த அன்று நான் சொன்ன வார்த்தை. பதிவு செய்தோம், மோதவிட்டோம், ஆமை என் குரலில் தும்மியது. அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

பிப்ரவரி 28

தினமும் ஒன்று. நேற்று நரிக்கதை முழுதாக. இன்று மகள் பெயரை நீட்டி, சுருக்கி, கோபமாக, கொஞ்சலாக. ஒவ்வொன்றையும் உடனே மோதவிட்டுச் சரிபார்க்கிறோம். பிழை இல்லை.

மார்ச் 2

மகள் குளிக்கப் போனபோது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க... என்னையும் ஒரு தடவ கூப்பிட்டு வைங்களேன்."

"ஏன், வரிசையில நிக்க மாட்டியா?"

"ரொம்பத்தான்."

கல்யாணமான புதிதில் அவளைக் கூப்பிட ஒரு பெயர் வைத்திருந்தேன். இங்கே எழுத மாட்டேன். கூப்பிட்டேன். ஆமை திருப்பிச் சொன்னது. அவள் என் சட்டையின் மேல்பொத்தானைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 4

நாளை மருத்துவமனை. கட்டெறும்பு வளர்ந்த பிறகு கேட்க வேண்டும் என்று கொஞ்சம் பேசிவைத்தேன். உளறினேன் என்றே சொல்லலாம். பிறகு அவள் சும்மா பொத்தானை அமுக்கி அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். ஏழரை ஆயிற்று. வழக்கம்போல் நான்கு தடவை கத்தினேன்.

மார்ச் 19

வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியே. கையில் ஒரு சிலேட்டு. 'தண்ணீர்' என்று எழுதினேன். கட்டெறும்பு எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மனைவி கொண்டுவந்துவிட்டாள்.

மார்ச் 20

மூவரும் கணினி முன் உட்கார்ந்தோம். ஆமை நடந்தது. மோதியது.

"போதும், மூடி வை."

மறுபடி மோதவிட்டாள். "போதும், மூடி வை." மறுபடியும் அதுவே. நரி இல்லை. தும்மல் இல்லை. அந்தப் பெயர் இல்லை.

"அப்பா, எல்லாத்தையும் ஒரே பெட்டியிலயா போட்டே?"

தலையாட்டினேன்.

"புதுசு வந்தா பழசு போயிடும்னு நீதானே சொன்னே?"

நான்தான். அன்றன்றைக்குப் போட்டதை அன்றன்றைக்கே கேட்டோம், சரியாகத்தானே இருந்தது! நேற்றையதை ஒருநாளாவது கேட்டேனா? அச்சேறிய பிறகுதான் பிழை கண்ணில் படும் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். ஊரார் பிழையெல்லாம் பார்த்த கண் — என்னத்தச் சொல்ல, சொல்லத்தான் முடியுமா —

மகள் இந்தத் தடவை விசைப்பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"விடுங்க. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் மனைவி. அடுப்பங்கரையில் வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 21

ஒன்றுமில்லை.

மார்ச் 27

கட்டெறும்பு ஆமைக்கு மீசை வைத்திருக்கிறாள். முன்பெல்லாம் வேண்டுமென்றே மோதவிடுவாள். இப்போது சுவருக்கு ஓரடி முன்பே ஒரு 'திரும்பு' கட்டையைச் சேர்த்துவிடுகிறாள். மாலை முழுவதும் ஊதா ஆமை சத்தமில்லாமல் அறையைச் சுற்றி வந்தது.

ஏழரைக்கு நான் சிலேட்டைத் தேடினேன். அதற்குள் அவள் 'திரும்பு' கட்டையை எடுத்துவிட்டாள். ஆமை நேராகப் போய் மோதியது.

"போதும், மூடி வை."

ஒரே தடவைதான் சொன்னது. மூடி வைத்தாள்.