மலையைக் கட்டிப்பிடித்த கதை

அன்பு மனைவி நோல்வெனுக்கு,

நலமா? சிப்பி அள்ளி அள்ளி நோகும் உன் முதுகு தேவலையா? இந்த ஷாமொனி மலையூரில் நான் சுகம்.

செவ்வாய்க்கிழமை மலை வழிகாட்டிப் பயிற்சியில், செங்குத்தான பனிச்சரிவில் சறுக்குப்பலகை கட்டிக்கொண்டு சறுக்கி இறங்கினோம். பாதியில் கீழே பார்த்துத் தொலைத்தேன். பயத்தில் மலைப்பக்கமாகச் சாய்ந்துவிட்டேன். அப்படிச் சாய்ந்தால் பலகை பனியில் பிடியை விட்டுவிடும்; விட்டது. கீழே நின்ற கூட்டாளி ஃபிர்மான் கத்தினான்:

“டேய் எர்வான், அது உன் பொண்டாட்டி இல்லடா! அத விட்டுட்டு பள்ளத்துப் பக்கம் சாயி!”

சிரித்துக்கொண்டே சாய்ந்தேன். பலகை பனியைக் கவ்விக்கொண்டது. இரண்டடிதான் வழுக்கினேன், கவலைப்படாதே.

கேபிள் கார் கிளம்பப்போகிறது. உன் பழைய நீல ஸ்வெட்டரைத் தபாலில் அனுப்பு. துவைத்துவிடாதே. கட்டிப்பிடித்துக்கொள்ள இங்கே எனக்கு அதுவாவது இருக்கட்டும்.

உன்
எர்வான்