எல்லாருக்கும் லீவு

ஏங்க,

எந்த மதத்துப் பண்டிகைன்னாலும் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடணும்னு பெற்றோர் கூட்டத்துல முழங்கி, கைத்தட்டல் வாங்கிட்டு வந்தீங்களே, அந்த முதல் லீவு இன்னைக்குத்தான். ஆஸ்பத்திரியில நர்ஸுக்கு எந்தச் சாமியும் லீவு குடுக்கல, நான் கிளம்பிட்டேன். பிள்ளைங்க ரெண்டும் உங்க பொறுப்பு. சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக் குடுங்க.

எதிர்வீட்டுப் பிள்ளைங்களும் வருவாங்க. பண்டிகையே அவங்களோடதுதான். ஆனா அவங்க அப்பா அம்மாவுக்கு ஆபீஸ் உண்டாம். "அண்ணன்தானே லீவு வாங்கிக் குடுத்தாரு"ன்னு அந்தம்மா சிரிச்சப்ப, என்னால மறுக்க முடியல.

நேத்து நான் கத்துனது பண்டிகைக்காக இல்ல. என்னை ஒரு வார்த்தை கேக்கலையேன்னுதான்.

பி.கு: அந்தக் குட்டிங்க புதுச்சட்டை போட்டுக்கிட்டு வருவாங்க. பார்த்ததும் அழகா இருக்குன்னு சொல்லுங்க. இன்னைக்குச் சொல்றதுக்கு அவங்க வீட்டுல ஆளில்ல.