அப்பா இழுத்து வந்த காளை

அன்பு மகள் கோலெட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், மூளைக்கு மட்டும் கொஞ்சம் ஏதோ ஆகிப்போய் இருக்கிறோம், அங்கே நீ இரண்டும் சரியாக இருப்பாய் என்று நம்புகிறேன். நியூசிலாந்தில் இப்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், இங்கே ஒஹாயோவில் காலையில் காரின் கண்ணாடியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, உன் அப்பாவின் முழங்கால் வானிலை அறிக்கையை விடச் சரியாகச் சொல்கிறது. போனிலேயே சொல்லலாமே, எதற்கு இவ்வளவு நீளக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பின்னால் வந்து நின்றுகொண்டு, அப்படி இல்லை, இப்படி இல்லை என்று திருத்துவார், நானும் பாதியில் சிரித்துவிடுவேன். நடந்ததை நடந்தபடி ஒருத்திக்காவது சொல்லியாக வேண்டும், அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உன் அப்பாவும் உன் தங்கை வின்னியும் ஜூலை மாதத்திலிருந்து பேசிக்கொள்ளாமலே இருந்தார்கள், அது உனக்குத் தெரியும். கருவைச் சுமப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும் என்று மாநிலச் சட்டத்தில் எழுதலாமா என்று நவம்பரில் வாக்கெடுப்பு வந்ததல்லவா, அதைப் பற்றி உருளைக்கிழங்கு சாலட் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள், தட்டு கீழே விழுந்ததோடு பேச்சு நின்றது. அப்பா மாதா கோயில் பாடகர் குழுவில் முப்பது வருஷமாகப் பாடுகிறவர், அது கூடவே கூடாது என்று அவருக்கு ஒரு கருத்து. அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், அவளுக்கு நூறு கருத்து. ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து அழுக்குத் துணி மூட்டையோடு வருவாள், சாப்பாட்டு மேஜையில் நடுவில் நாய் பெப்பர் உட்காரும், பேச்செல்லாம் அதன் வழியாகத்தான். "பெப்பர், உப்பு டப்பாவை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பாள். "பெப்பர், உப்பு அதிகமா சாப்பிட்டா ரத்தக் கொதிப்பு வரும்னு சொல்லு" என்பார் அவர். அந்த நாயும் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, ஐநா சபை மொழிபெயர்ப்பாளர் போல ஆகிவிட்டது.

இதற்கிடையில் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்த வாக்குச்சாவடியை எடுத்து, ஊருக்கு வெளியே ஒன்பது மைலில் இருக்கும் மாட்டுச் சந்தை மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள். கூரை ஒழுகுகிறதாம். கூரை நான் படித்த காலத்திலிருந்தே ஒழுகுகிறது. விடுதிப் பெண்கள் பாதிப் பேரிடம் கார் கிடையாது, அந்தப் பக்கம் பஸ்ஸும் கிடையாது. வின்னியும் அவள் அறைத்தோழி ஒடெஸ்ஸாவும் பெண்கள் சங்கத்தைக் கூட்டி வேலையில் இறங்கினார்கள். ஒடெஸ்ஸா கிளீவ்லேண்ட் பெண், குரலை உயர்த்தவே மாட்டாள், ஆனால் அவள் "சரி, ஆரம்பிக்கலாமா" என்றால் என் பஸ்ஸில் கடைசி சீட்டுப் பையன்கள் கூட அடங்கிவிடுவார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே மேஜை போட்டு வாக்காளர் பதிவு நடத்தினார்கள், யாரும் நிற்கவில்லை. உடனே பெப்பரை எங்களிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டு போய் மேஜைக்குக் கீழே உட்கார வைத்தார்கள். நாயைத் தடவ எல்லோரும் நின்றார்கள், நின்றவர்களிடம் ஒடெஸ்ஸா பேசினாள், பதிவு மளமளவென்று ஏறியது. நாய்க்கும் உடம்பு ஏறியது, எல்லோரும் பிட்சா ஓரத்தைப் போட்டதில். வீட்டிலே மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் உப்பு டப்பா நகராமல் கிடந்தது.

அக்டோபரில் கல்லூரிப் பழைய மாணவர் திருவிழா ஊர்வலம். சங்கத்துக்கும் ஓர் அலங்கார வண்டி விடலாம் என்று அனுமதி கிடைத்தது. கோழிக்கூண்டு வலையை வளைத்து ஏதோ செய்திருக்கிறார்கள், நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுந்திருக்கிறது. ஊரில் வெல்டிங் தெரிந்தவர் யார், உன் அப்பாதான். ஒரு சனிக்கிழமை வின்னி கையில் வரைபடத்தோடு கொட்டகை வாசலில் வந்து நின்றாள், நாயைக்கூடக் கூட்டி வரவில்லை, பக்கத்தில் ஒடெஸ்ஸா. அப்பா காகிதத்தை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நடுவில் கீழே குறுகின முகம் மாதிரி ஒன்று, இரண்டு பக்கமும் வளைந்து போகிற கொம்பு மாதிரி இரண்டு, கொம்பு நுனியில் ஆளுக்கொரு உருண்டை. கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பேர் காளைகள் என்பது உனக்குத் தெரியாததா. அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அடடே, காளைத்தலையா! முதல்லயே சொல்ல வேண்டியதுதானே!" என்றார். வின்னி வாயைத் திறந்தாள். ஒடெஸ்ஸா அவள் காலை மிதித்தாள்.

மூன்று பிள்ளைக்கு வயிறு சுமந்தவளுக்கு அது என்னவென்று தெரியாதா, கோலெட்? நீ கால்நடை டாக்டர், நீயும் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பாய். ஆனால் நான் வாயே திறக்கவில்லை. ஏனென்றால் அவர் மூன்று மாதத்துக்கப்புறம் சீட்டி அடித்துக்கொண்டு வேலை செய்தார், அவள் பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டாள், "இன்னும் கொஞ்சம் மேல தூக்கும்மா", "போதுமாப்பா" என்று நேருக்கு நேர் பேச்சு ஓடியது, அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. கண் வைக்கலாமா, மூக்கில் வளையம் மாட்டலாமா என்று அவருக்கு ஒரே ஆசை. "வேணாங்க சார், பார்க்கிறவங்க மனசால நிரப்பிக்கட்டும்" என்றாள் ஒடெஸ்ஸா. "இந்தக் காலத்துக் கலை" என்று அவர் ஒப்புக்கொண்டார். போர்த்துவதற்கு என் கல்யாணத்து ரோஜா நிற சாட்டின் படுக்கை விரிப்பை எடுத்துக் கொடுத்தது நான்தான். ரோஜா நிறத்தில் எந்தக் காளை இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை, அதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

ஊர்வலத்தன்று வைக்கோல் டிரெய்லரில் அதை ஏற்றி, வெல்டு வைத்து இறுக்கி, முன்னால் டிராக்டரில் உன் அப்பா சூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மெயின் தெரு முழுக்க இரண்டு பக்கமும் ஜனம் "காளை! காளை!" என்று கத்துகிறது, சின்னப் பிள்ளைகள் கொம்பு காட்டுகின்றன, கோயில் வாசலில் பாதிரியார் வரிசையாக எல்லா வண்டிக்கும் புனித நீர் தெளித்தவர் இதற்கு மட்டும் இரண்டு தடவை தெளித்து "அருமையான பிராணி" என்றார். நீதிமன்றத் திருப்பம் தாண்டினதும் வின்னியும் ஒடெஸ்ஸாவும் பின்னால் ஒரு நீளப் பதாகையை விரித்தார்கள். "இது காளை இல்லை, கருப்பை. எங்களுடையது. நவம்பரில் வாக்களியுங்கள்" என்று ஆள் உயர எழுத்து. கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். டிராக்டர் சத்தத்தில் அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர் தெருக்கோடி வரைக்கும் ராஜா மாதிரி கையசைத்துக்கொண்டே போனார், அவர் இறங்குவதற்குள் பெண்கள் பதாகையைச் சுருட்டிவிட்டார்கள். நடுவர்கள் ஊர்வலம் கிளம்பின கோடியில் இருந்ததால் பதாகையைப் பார்க்கவில்லை, அணி உற்சாகத்துக்கான முதல் பரிசு என்று ஒரு முழுப் பன்றித்தொடையை வேறு அவர் மடியில் வைத்தார்கள்.

அவருக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் கோயிலில். பாடகர் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் மார்சலின் க்ரோக்கர், பழைய நூலகர் அம்மா, பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே மெதுவாக, "வெர்னன், உங்க கருப்பை ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள். அடுத்த பாட்டு முழுக்க உன் அப்பா ஒரு சுருதி தள்ளியே பாடினார். வீட்டுக்கு வந்து டிரெய்லரைத் தார்ப்பாய் போட்டு மூடினார். வின்னி போன் செய்தாள், எடுக்கவில்லை. நேரில் வந்து, "அப்பா, சொல்லணும்னுதான் இருந்தேன், நீங்க சந்தோஷமா இருந்தீங்க, அதான்" என்று அழுதாள். அவர் நாயைக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் கொட்டகைக்குப் போனேன். கோலெட், உனக்கும் வின்னிக்கும் நடுவில் ஒன்று தங்கி, நிற்காமல் போனது உனக்குத் தெரியும். எப்படிப் போனது என்று நாங்கள் சொன்னதில்லை. ஐந்தாம் மாதம், பனிக்குடம் உடைந்து, காய்ச்சல் கொதித்து, ரத்தம் நிற்கவில்லை. குழந்தை பிழைக்காது, உடனே எடுத்தால் இவள் பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னார், அவர் சொல்லி முடிக்கும் முன்னாலேயே "எடுங்க, எடுங்க" என்று உன் அப்பா டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டார். அதைத்தான் கேட்டேன். "அன்னிக்கு அந்த டாக்டர் யாரையாவது அனுமதி கேட்டாரா? வக்கீலுக்குப் போன் போட்டாரா?" என்றேன். "அது வேற பெர்னி" என்றார். எது வேறு என்றேன். "அது நீ" என்றார். "ஒவ்வொருத்தியும் யாருக்கோ ஒரு பெர்னிதாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் சுத்தமாக இருந்த ஸ்பானரையே துடைத்துக்கொண்டிருந்தார்.

வாக்குப்பதிவு அன்று காலை வின்னி போனில் அழுகிறாள். பெண்களைக் கூட்டிப்போக அவர்கள் பேசி வைத்திருந்த வாடகை பஸ் வழியிலேயே பழுதாகி நின்றுவிட்டது, விடுதிப் படிக்கட்டில் பெண்கள் பனிமழையில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள், கார் வைத்திருக்கும் இரண்டு பேர் எத்தனை நடை அடிப்பார்கள். என் பஸ் பள்ளிக்கூடத்துப் பஸ், தேர்தலுக்காக அன்று விடுமுறை, சாவியைத் தொட்டால் வேலை போய்விடும். உன் அப்பா மேஜையில் அந்தப் பரிசுப் பன்றித்தொடையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எல்லாம் கேட்டது, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் டிராக்டர் சத்தம். பின்னால் வைக்கோல் டிரெய்லர், அதன்மேல் தார்ப்பாய் எடுத்த அந்த ரோஜா நிறச் சமாச்சாரம். "கழட்ட வரலை. ரொம்ப நல்லா வெல்டு பண்ணித் தொலைச்சிட்டேன்" என்றார். நான் காப்பிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டேன்.

விடுதி வாசலில் எங்களைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் போட்ட சத்தம் உனக்கு அங்கேயே கேட்டிருக்க வேண்டும். வைக்கோல்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், கொம்புக்குக் கீழே ஒதுங்கினவர்களுக்கு மழை படவில்லை. ஒன்பது மைலும் ஆமை வேகம், பின்னால் கார்கள் ஹார்ன் அடிக்க, இவர்கள் பாடிக்கொண்டே வர, வின்னி மட்டும் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மைதானத்தில் வாக்குச்சாவடிக் கதவிலிருந்து நூறடியில் இரண்டு சின்னக் கொடி நட்டிருப்பார்கள், அதற்கு உள்ளே பிரசாரப் பொருள் எதுவும் வரக்கூடாது. உள்ளே தலைமை அதிகாரி யார் என்று நினைக்கிறாய், நம் மார்சலின். பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு விதிப் புத்தகத்தோடு ஓடி வந்தாள். கூட வந்த ஒருவர் இது கருப்பை, பிரசாரம் என்றார். இன்னொருவர், நான் ஊர்வலத்தில் பார்த்தேன், சத்தியமாகக் காளை, விளையாட்டுச் சின்னத்துக்குத் தடை இல்லை என்றார். ஒருவர் உருண்டையைத் தட்டிப் பார்க்கிறார், ஒருவர் பின்பக்கம் போய்ப் பார்க்கிறார், மழை கொட்டுகிறது, பெண்கள் குளிரில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். மார்சலினுக்கு மனசு கேட்கவில்லை. "வெர்னன், செஞ்சவரு நீங்க. காளைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கதவுக்கிட்டயே கொண்டுபோய் இறக்கிவிடலாம், புள்ளைங்க நனையாது" என்றாள்.

உன் அப்பா தொப்பியைக் கழற்றினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு அங்கே ஒரு வலி என்றால்கூட "அந்தப் பக்கம்" என்று ஜன்னலைக் காட்டிப் பேசுகிற மனிதர். "காளை இல்லை மார்சலின்" என்றார். அப்புறம் ஊருக்கே கேட்கிற பாட்டுக் குரலில், "கருப்பை. என் பொண்ணோடது" என்றார். கூட்டமே திரும்பிப் பார்த்தது. "அதாவது, என் பொண்ணு வரைஞ்சது, நான் செஞ்சது" என்று காது சிவக்கச் சேர்த்துக்கொண்டு, தொப்பியைப் போட்டு, டிராக்டரை ரிவர்ஸ் எடுத்து, கொடிக்கு அந்தப் பக்கம் சேற்றில் நிறுத்தினார். பெண்கள் குதித்து, சிரித்துக்கொண்டே நனைந்துகொண்டே நூறடி ஓடினார்கள். சாயங்காலம் வரை இன்னும் நடை அடித்தோம். கடைசி நடையில் அவரும் நானும் வாக்களித்தோம். எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன், "திரை எதுக்குப் போட்டிருக்கான்" என்றார். தீர்மானம் ஜெயித்தது உனக்குத் தெரியும், அதில் அவர் வாக்கு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, நான் அப்புறம் கேட்கவும் இல்லை.

திரும்பி வரும்போது வின்னி டிரெய்லரில் ஏறவில்லை, டிராக்டரில் அப்பாவுக்குப் பக்கத்தில் சக்கர மூடிமேல் போய் உட்கார்ந்தாள். பாலம் தாண்டினதும் ஆரம்பித்தது பார், வேதம், சட்டம், நாலாவது மாதம், ஆறாவது மாதம், நீ என்னிடம் பொய் சொன்னாய், நீங்கள் என்னைக் கேட்கவே இல்லை என்று துண்டு துண்டாகக் காற்றில் வந்தது. அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து எடுத்து ஆட்டுகிறார், அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவர் தோளைத் தட்டித் தட்டி மறுக்கிறாள். ஒடெஸ்ஸா பயந்துபோய், "ஆன்ட்டி, சண்டையா போடறாங்க?" என்றாள். ஆமாம் கண்ணு, எங்கள் வீட்டில் பேச்சு வந்துவிட்டது என்றேன். வீட்டு வாசல் வரை ஓயவில்லை, டிராக்டரை அணைத்த பிறகும் ஓயவில்லை, நான் காலி குடுவையோடு மழையில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சரி, பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது. வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, ஆடு உதைத்த இடத்துக்கு மருந்து போடு, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வருஷா வருஷம் விண்ணப்பிக்க வேண்டுமாம், ஜனவரியில் மறக்காமல் செய், இல்லாவிட்டால் அங்கேயே வந்து நிற்பேன் என்று உன் தங்கை சொல்லச் சொன்னாள், செய்தாலும் செய்வாள். ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், உன் கைபட்ட கன்றெல்லாம் எழுந்து நிற்கட்டும். அப்பாவோடு பேசும்போது இதெல்லாம் தெரியாத மாதிரியே இரு, அவரே ஒருநாள் தன் வாயால் சொல்லட்டும்.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா,
பெர்னடின் ஹ்ருஸ்கா