டீச்சரின் நட்சத்திரம் மங்கிய வாரம்

செப். 1, 2005, வியாழன்
வெயில் கொளுத்தல். உப்பு வாரினோம். கால் வெடிப்பில் எரிச்சல். மாலை கமலா டீச்சர் வீட்டில் சமையல். ரசம், அப்பளம்.
டீச்சருக்குக் கண் ஆப்பரேஷன் ஆனதிலிருந்து வானத்தைப் பார்த்துச் சொல்வது நான்தான். ஏழரை மணி, மாடி, பைனாகுலர். அவர் போட்ட படத்தில் நம்ம நட்சத்திரம், சுற்றி 1 முதல் 4 வரை நம்பர் போட்ட நாலு; 1 பளிச், 4 மங்கல். எதற்குச் சமமாக வெளிச்சம் என்று சொல்லணும். இன்று 1-க்குச் சமம். நாலு வருஷமாக இதேதானாம்.
அபூர்வ ஜாதியாம். சூரியனைவிட ரொம்பப் பெரிசு. திடீரென்று கரிப்புகை கக்கித் தன்னையே மூடிக்கொள்ளுமாம். அப்புறம் மாதக்கணக்கில் தெரியாதாம்.
10-ஆம் தேதி ரோஸிக்கு மாதப் பூசை. என் பெண் போய் ஏழு மாதம்.

செப். 3, சனி
தூக்கம் இல்லை.
நட்சத்திரம் 2-ஐவிடக் கம்மி. மூன்று தடவை கண்ணைத் துடைத்துப் பார்த்தேன்.
கீழேயிருந்து டீச்சர், "என்ன லூர்து, மேலேயே குடித்தனம் பண்றியா?"
"அப்டியேதான் இருக்குது டீச்சர்."
ஏன் சொன்னேன்? கண்ணில் பச்சைத் துணியோடு உட்கார்ந்திருக்கிறார். தனி ஆள். எப்படிச் சொல்வது.

செப். 5, திங்கள்
கூடையைக் கொட்டிவிட்டேன். மேஸ்திரி, "ஏம்மா, நின்னுக்கினே கனவா?"
இன்று 4 அளவுகூட இல்லை. "அப்டியேதான்" என்றேன். டீச்சர் தடவித் தடவி நோட்டில் எழுதினார்.
என் அண்ணனும் இப்படித்தான். வானூரில் அவன் வீட்டில் தங்கித்தான் ரோஸி தையல் படித்தாள். இங்கே எனக்குக் காய்ச்சல், அங்கே அவளுக்கும். போனில் அண்ணன், "நல்லாத் தூங்குறா, நீ பதறாத." போய் இறங்கினால் ஐஸ் பெட்டி. அன்று பிப்ரவரி 10. அதனால் 10-ல் பூசை. உண்மையில் எந்த நாள் போனாள்? யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செப். 6, செவ்வாய்
சொல்லிவிட்டேன்.
அழுவார் என்று நினைத்தேன். எழுந்தே நின்றுவிட்டார். "மங்கிடுச்சா! இதுக்குத்தான்டி நாலு வருஷமா காத்திருந்தேன்!" அப்புறம், "எப்போலேர்ந்து?"
"சனிக்கிழமை டீச்சர்."
முகம் மாறிற்று. "மூணு நாளா பொய் சொன்னியா? என்னைப் பார்த்தா பாவமா இருந்துச்சா? எந்த நாளுன்னு தெரியணும்டி. அதுக்குத்தானே பார்க்கிறது."
நோட்டில் இருந்த பொய்யை எல்லாம் என்னையே அடிக்கச் சொன்னார். அடித்து, சரியாக எழுதினேன். அவர் சாப்பிடவில்லை. நானும்.

செப். 8, வியாழன்
மாதா பிறந்தநாள். லீவு. மதியம் போன் பூத்.
"அண்ணா, ரோஸி எந்த நாள் போனா?"
"இப்ப எதுக்கும்மா அது?"
"சொல்லுண்ணா."
"எட்டாம் தேதி. காலைல பத்து மணி. நீயே காய்ச்சல்ல கெடந்த. எப்டிம்மா சொல்லுவேன்?"
அந்த எட்டாம் தேதி சாயங்காலம்தான் போனில், கஞ்சி குடித்தாள் என்றான். நான் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரி அது.
போனை வைத்தேன்.
10 இல்லை, 8. இன்றைக்கு 8. பூசை ஆறு மணிக்கு. அதற்குள் பாதரிடம் ரோஸி பேர் கொடுக்கணும். இப்போதே ஐந்தரை. புடவை மாற்ற நேரமில்லை.